சிவப்பு மையில் இரண்டு எழுத்து: எங்கள் பஞ்சமி நிலத்தைத் தேடிப் போன கதை

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பஸ் எங்கள் ஊர் ஏரிக்கரையைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி, "அதோ பாரு பாப்பா, ரெட்டைப்பனைக் கொல்லி. அது நம்மளுது" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே வேர்க்கடலை போட்டிருந்தார்கள். அப்புறம் சவுக்கு வந்தது. அப்புறம் கல் நட்டு மனை பிரித்தார்கள். இன்றைக்குக் கம்பி வேலியும் நீல நிற கேட்டும் நிற்கின்றன. இரண்டு பனையில் ஒன்றுதான் மிச்சம்.

அந்த 2 ஏக்கர் 37 சென்ட் பஞ்சமி நிலம். அதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க எனக்கு 3 வருஷம் ஆனது. கண்டுபிடித்ததை ஒரு அதிகாரியின் உத்தரவில் ஏற வைக்க இன்னும் 5 வருஷம். மேல்முறையீடு நடந்துகொண்டிருப்பதால் ஊர், சர்வே நம்பர், ஆட்கள் பெயர் எதையும் எழுதவில்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு கிழவியோ கிழவரோ "அது நம்ம நிலம்" என்று கை காட்டிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. நான் செய்த தப்புகளை அவர்கள் செய்யாமல் இருந்தாலே 3 வருஷம் மிச்சமாகும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நிலம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது. செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு முறை. விளைநிலம், தரிசு, மேய்ச்சல், சேரியில் குடிசை போட்ட மண் வரைக்கும் மிராசுதாரர்கள் பாத்தியம் கொண்டாடினார்கள். கம்பெனி ஆட்சியும் அதற்குப் பின் வந்த ராணி ஆட்சியும் அந்தப் பாத்தியத்தைச் சொத்துரிமையாக மதித்து எழுதி வைத்தன. ஏர் பிடித்த எங்கள் ஜனங்கள் படியாட்கள், அதாவது தானியக் கூலிக்கு மிராசுதாரரிடமே கட்டுண்டு கிடந்தவர்கள். சும்மா கிடக்கும் தரிசைக் கேட்டு அரசாங்கத்துக்கு தர்காஸ்து (நிலம் கேட்கும் மனு) போட்டால்கூட மிராசுதாரருக்குத்தான் முன்னுரிமை. கூலி கூடக் கேட்டால், இல்லை வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்றால், "குடிசையைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிடலாம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

இதையெல்லாம் ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி என்ற மிஷனரிகளும் அதே காலத்தில் இதை விடாமல் பேசினார்கள். 1892-ல் அரசாணை வந்தது. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமர்களுக்கு நிலம் ஒப்படைக்கும் வழி அதிலிருந்துதான் திறந்தது. அதனால்தான் பஞ்சமி நிலம் என்ற பேரே. அதிகாரிகள் பாஷையில் டி.சி. நிலம், ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான நிலம். 1920-கள், 30-கள் வரைக்கும் இப்படி ஒப்படை செய்துகொண்டே இருந்தார்கள். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிபந்தனை இதுதான்: முதல் 10 வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் அரசு ஈட்டுத்தொகை கொடுக்காமலே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைத்த நிலம் எப்படிப் போனது என்பதில் புதுமை ஒன்றும் இல்லை. அத்தையின் அக்கா கல்யாணத்துக்குத் தாத்தா கடன் வாங்கினார். கடனுக்கு நிலத்தை ஒத்தி வைத்தார். ஒத்தியை மீட்க முடியவில்லை. 1968-ல் ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்க் கைநாட்டு வாங்கினார்கள். "ஒத்திக் கணக்கைப் புதுசா எழுதுறோம்னுதான் அப்பாகிட்ட சொன்னாங்க" என்பார் அத்தை. அது கிரயப் பத்திரம். அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் அதே கொல்லியில் கூலிக்குக் களை பறித்தது.

1994-ல் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போய் அங்கே வைத்த அம்பேத்கர் சிலையை அகற்றிவிட்டார்கள் என்று ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அப்பாவும் அன்றைக்கு அங்கே போயிருந்தார். ராத்திரி செருப்பில்லாமல் வந்தார், யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் அம்மாவிடம் அவர் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "நம்ம கொல்லி பேப்பர் எதனா வீட்ல இருக்குதா?"

பேப்பர் 2013-ல்தான் கிடைத்தது, அப்பா செத்த பிறகு. தகரப் பெட்டியின் அடியில், மஞ்சள் பையில் சுற்றி, 1942-ம் வருஷத்துக் கிஸ்தி (நிலவரி) ரசீது ஒன்று. தாத்தா பெயரும் சர்வே நம்பரும் மங்கலாகத் தெரிந்தன. அதை எடுத்துக்கொண்டு நான் பண்ணியது எல்லாமே தப்பு.

முதல் தப்பு மனு. "என் தாத்தாவின் நிலத்தை மீட்டுத் தரும்படி வேண்டுகிறேன்" என்று எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தேன். 2 மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. மேற்படி நிலம் பட்டாப்படி இன்னாருக்குப் பாத்தியமானது, மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம். இந்த வரியைப் பார்க்காத பஞ்சமி நில மனுதாரர் இருக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் அதை நம்பினேன். வக்கீலைத் தேடி அலைந்தேன்.

நல்லவேளை, அதற்கு முன்பே என் சித்தப்பா ஒருவர் அந்த வழியில் போய்த் தோற்றிருந்தார். 1990-களில் முன்சீப் கோர்ட்டில் 'நிலம் எனக்குப் பாத்தியம்' என்று வழக்குப் போட்டார். கிரயம் 1968-ல் நடந்திருக்கிறது, நிலத்தின் சுவாதீனம் வாங்கியவர்களிடம் இருக்கிறது, 12 வருஷம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி. அந்தத் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா ஒருவர் கிடைத்தார். எங்கள் ஜனம் இல்லை, ஆனால் மனசாட்சி உள்ள மனுஷர். தீர்ப்பைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"நீ நிலத்தைக் கேக்குறம்மா. உன் நிலம்னு கேட்டா அவங்க உன்ன கோர்ட்டுக்குத்தான் அனுப்புவாங்க. நிபந்தனை மீறியிருக்குன்னு எழுது. மீறினா நடவடிக்கை எடுக்க வேண்டியது அவங்க வேல. அந்த வேலைய செய்யச் சொல்லி கேளு."

எனக்கு விஷயம் பிடிபட்டது அந்த இடத்தில்தான். பஞ்சமி நிலத்தில் சண்டை எங்கள் குடும்பத்துக்கும் வாங்கியவருக்கும் நடுவில் இல்லை. நிலத்தைக் கொடுத்தது அரசு, நிபந்தனை போட்டதும் அரசு. நிபந்தனையை மீறி எத்தனை கை மாறினாலும் நிலத்தோடு அந்த நிபந்தனையும் கூடவே போகிறது. ஆக, நான் நிரூபிக்க வேண்டியது இரண்டே விஷயம். நிலம் டி.சி. நிபந்தனையோடு ஒப்படை செய்யப்பட்டது. அது அந்த வகுப்பைச் சேராதவருக்கு விற்கப்பட்டது. தாத்தாவை ஏமாற்றினார்களா, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதெல்லாம் எங்களுக்கு உயிர்போகிற விஷயம்தான், ஆனால் விசாரணையில் அதற்கு இடம் சின்னது. அத்தையிடம் இதைப் புரியவைக்கத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன்.

முதல் விஷயத்துக்கு ஆதாரம் தேடினேன். இணையத்தில் 'அ' பதிவேடு எடுத்தேன். கிராமத்தின் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் நிலத்தின் வகை, பரப்பு, பட்டாதாரர் பெயர் எழுதியிருக்கும் வருவாய்க் கணக்கு அது. எங்கள் நம்பருக்கு நேரே ரயத்துவாரி, புஞ்சை, பட்டாதாரர் பெயர், அவ்வளவுதான். குறிப்புக் கலம் காலி. தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, "எங்கள் கிராமத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு உள்ளது?" என்று கேட்டேன். 30-வது நாள் பதில்: "அவ்வாறான பதிவுகள் இவ்வலுவலகத்தில் இல்லை."

சர்வேயர் ஐயா அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு, கேள்வியே தப்பு என்றார். கேள்வி கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள், ஆவணம் கேட்டால் ஆவணத்தைத்தான் கொடுக்க வேண்டும். அதோடு, நான் பார்த்தது யுடிஆர் திட்டத்துக்குப் பிந்திய பதிவேடு. 1979-லிருந்து 1987 வரைக்கும் நடந்த அந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமக் கணக்குகளை எல்லாம் புதிதாக எழுதினார்கள். ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. யார் கையில் நிலம் இருந்ததோ அவர் பெயருக்குப் பட்டா ஏறியது. பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த நிபந்தனை பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வரவே இல்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். 1968-ல் வாங்கியவரின் மகன் பெயருக்கு அப்போதுதான் பட்டா வந்திருக்கிறது. ஒரு கலத்தைக் காலியாக விட்டதில் ஒரு சேரியின் நிலம் போய்விட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த மனுவை இப்படி எழுதினேன்: இந்தக் கிராமத்தின் யுடிஆருக்கு முந்திய 'அ' பதிவேட்டில் இந்தப் பழைய புல எண் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல்; பழைய புல எண், புதிய புல எண் ஒப்பீட்டுப் பட்டியலில் அது வரும் பக்கம்; நிலவரித்திட்டப் பதிவேட்டில் அதே எண் வரும் பக்கம்; ஒப்படைப் பதிவேடு; இவற்றை நேரில் பார்வையிட அனுமதி. கடைசியாகக் கேட்ட 'நேரில் பார்வையிட' என்பதுதான் காரியத்தை முடித்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் 2(ஜே) பிரிவின்படி அது நம் உரிமை. முதலில் பதில் இல்லை. பதிலுக்கான கெடு முடிந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்குப் பிறகு ஒரு தேதி கொடுத்தார்கள்.

ஆவண அறையில் ஒரு மின்விசிறி, அதுவும் ஓடவில்லை. சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் கூரை வரைக்கும். எடுத்துக் கொடுத்த உதவியாளர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பதிவேடு காடா பைண்டிங், முதுகு பிய்ந்து, பக்கங்கள் பிஸ்கட் மாதிரி நொறுங்கின. அச்சடித்த வரிகளுக்கு மேலே வெவ்வேறு கை எழுத்தில் திருத்தங்கள். பக்கத்தைத் திருப்ப அவர் விடவில்லை, ஒரு அளவுகோலை அடியில் கொடுத்து அவரே மெல்லத் தூக்கித் தூக்கித் திருப்பினார். பழைய நம்பர் வந்தது. பரப்பு 2.37. வலது ஓரத்தில் சிவப்பு மையில், ஆங்கிலத்தில், 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து. பக்கத்தில் தர்காஸ்து நம்பர், 1931. கீழே கொள்ளுத்தாத்தாவின் பெயர், அப்போதைய வழக்கப்படி சாதிப் பெயரோடு.

நான் அழவில்லை. அந்த உதவியாளர்தான் துண்டை அவிழ்த்துவிட்டு, "இதுதானாம்மா தேடுனீங்க?" என்று கேட்டார்.

பரப்பை ஒத்துப் பார்க்கும் வேலையை அன்றைக்கே செய்தேன். 2 ஏக்கர் 37 சென்ட் என்றால் 0.96.0 ஹெக்டேர். புதிய பதிவேட்டில் எங்கள் நம்பரை இரண்டு உட்பிரிவாக உடைத்திருந்தார்கள்: 0.48.5, 0.47.5. கூட்டினால் சரியாக வருகிறது. இது சின்ன விஷயம் இல்லை. விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் சொன்னது "அது வேறு நிலம், இது வேறு நிலம்" என்பதுதான். புலப்பட (நில அளவை வரைபட) நகலும் இந்தக் கூட்டலும் இருந்ததால் அந்த வாதம் நிற்கவில்லை.

தாலுகா அலுவலகத்தில் பதிவேடு கிடைக்கவில்லை என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். கலெக்டர் அலுவலக ஆவண அறையில் ஒரு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரித்திட்ட ஆவணங்களும் மாகாண அரசாணைகளும் இருக்கின்றன. 'இல்லை' என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்படி வாங்கிய ஒரு கடிதத்தைக் காட்டித்தான் அடுத்த அலுவலகத்தில் தேட வைத்தேன்.

இரண்டாவது விஷயத்துக்கு, அதாவது நிலம் யாருக்கு விற்கப்பட்டது என்பதற்கு, வில்லங்கச் சான்றுக்கு மனு போட வேண்டும். இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தியதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு, கையால் தேடச் சொல்ல வேண்டும். காசும் நாளும் செலவாகும், ஆனால் 1968 பத்திரத்தின் நகல் இல்லாமல் எங்கள் வழக்கு இல்லை. நகல் வந்தது. அதில் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது. ஒன்று, நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்ற பேச்சே இல்லை. 'எனக்குப் பாத்தியமாகி என் அனுபவத்தில் இருந்து வருகிற' என்று மொட்டையாக எழுதியிருக்கிறார்கள். ஒப்படை என்ற வார்த்தையை எழுதினால் நிபந்தனை வெளியே வந்துவிடும். இன்னொன்று, வாங்கியவர் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். வாங்கியவர் எந்த வகுப்பு என்று நிரூபிக்க நான் எங்கெங்கோ அலைய நினைத்திருந்தேன். அவர்கள் எழுதிய பத்திரமே சொல்லிவிட்டது. பழைய பத்திரங்கள் பலவற்றில் சாதிப் பட்டம் எழுதியிருப்பார்கள், அதனால் இந்த ஆதாரம் உங்களுக்கும் கிடைக்கலாம். கடைசிப் பக்கத்தில் தாத்தாவின் கட்டைவிரல் ரேகை. ஜெராக்ஸில் அது ஒரு கறுப்பு முட்டை மாதிரி விழுந்திருந்தது. அத்தை அந்தப் பக்கத்தை மட்டும் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

2017-ல் கொடுத்த மனுவில் 'என் தாத்தா' என்ற வார்த்தையே இல்லை. "மேற்படி நிலம் 1931-ல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான நிபந்தனையோடு ஒப்படை செய்யப்பட்டது. 1968-ல் நிபந்தனைக்கு மாறாக, அவ்வகுப்பைச் சேராதவருக்கு விற்கப்பட்டுள்ளது. ஆகவே வருவாய் நிலை ஆணை 15-ன் கீழ் நடவடிக்கை எடுத்து, நிலத்தை அரசு மீளப் பெற்று, தகுதியுள்ள நிலமற்ற ஆதிதிராவிடர்களுக்கு மறு ஒப்படை செய்யுமாறு கோருகிறோம்." நிலை ஆணை 15 என்பது அரசு நிலத்தை ஒப்படை செய்வது பற்றிய வருவாய்த்துறை விதி. எல்லாப் பக்கங்களிலும் இணைப்பு எண். கடைசியில் இணைப்புப் பட்டியல். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மேசையை விட்டு நகரவில்லை.

கர்நாடகத்தில் இதற்கென்று 1978-லேயே தனிச் சட்டம் போட்டார்கள், மஞ்சேகவுடா வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது. நமக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அரசாணை, நிலை ஆணை, பதிவேட்டுக் குறிப்பு, இவற்றை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இவ்வளவு உயிரையும் கொடுத்து 30 வருஷம் ஆன பிறகும் இந்த நிலைமை இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மனு ஒரு வருஷத்துக்கு மேல் அசையவில்லை. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு எழுதினோம். ஆவணங்களை வரவழைக்கிற அளவில் அதற்கு சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. அங்கிருந்து அறிக்கை கேட்டுக் கடிதம் வந்த பிறகு 2019-ல் கோட்டாட்சியர் விசாரணைக்கு அழைப்பு வந்தது. நடுவில் என் தம்பியை வழிமறித்து மிரட்டினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எங்கள் நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதும் வெளியேற்றுவதும் குற்றம்தான், 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகள். புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்தோம். அதற்குப் பிறகு மிரட்டல் இல்லை.

விசாரணை அன்றைக்கு வராண்டாவில் ஒரே பெஞ்சு. நானும் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மா. எங்களைக் கூப்பிட்ட அதே நம்பரில் அவரையும் கூப்பிட்டபோதுதான் விளங்கியது. 2009-ல் கொல்லியில் 2 மனை வாங்கியவர். கணவர் லாரி ஓட்டுகிறார். நகையை அடகு வைத்து, கடன் போட்டு வாங்கியது. "எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. வில்லங்கம் சுத்தமா இருக்குதுன்னு ப்ரோக்கர் காட்டினாரு" என்றார். வில்லங்கத்தில் பத்திரம்தான் தெரியும், நிபந்தனை தெரியாது. அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். மத்தியானம் எங்கள் புளிசாதத்தை மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இதை எழுதாமல் விட முடியவில்லை. அந்த அம்மா எங்களுக்கு எதிரி இல்லை. அவருக்கு விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, அதை அவருக்குச் சொன்னேன். ஆனால் அவருக்காக நாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பக்கம் மனை வாங்குகிறவர்கள், யுடிஆருக்கு முந்திய 'அ' பதிவேட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

2021-ல் எங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டில் அது ரத்தாகி மறுவிசாரணைக்கு வந்தது. காரணம், மனை வாங்கியவர்களில் ஒருவருக்கு அறிவிப்பு போய்ச் சேரவில்லை. அவர் தரப்பைக் கேட்காமல் போட்ட உத்தரவு நிற்காது. அது சரியான சட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் யார் யாருக்கு அறிவிப்பு போனது, ஒப்புகை வந்ததா என்று நாங்களே கோப்பைப் பார்த்து உறுதி செய்திருந்தால் 2 வருஷம் போயிருக்காது. மறுவிசாரணையில் வில்லங்கத்தை வைத்து ஒவ்வொருவர் பெயரும் விலாசமும் நாங்களே பட்டியல் போட்டுக் கொடுத்தோம். 2024-ல் மறுபடியும் அதே உத்தரவு: நிபந்தனை மீறல், ஒப்படை ரத்து, நிலம் அரசுக்கு. அதன் மேல் மறுபடி மேல்முறையீடு.

உத்தரவைப் படித்துக் காட்டியதும் அத்தை கேட்டார்: "அப்ப நமக்கு வருமா?"

வராமலும் போகலாம். நிலம் அரசுக்குப் போய், அங்கிருந்து நிலமில்லாத ஆதிதிராவிடர்களுக்கு மறு ஒப்படை ஆக வேண்டும். மூல ஒப்படைதாரரின் வாரிசுக்கு முன்னுரிமை கேட்கலாம், கேட்டிருக்கிறோம், உத்தரவாதம் இல்லை. இதை முதலிலேயே குடும்பத்தில் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் பேசவில்லை. என் பெரியப்பா மகன் "நமக்கு வராத நிலத்துக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்று ஒதுங்கிவிட்டார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். இத்தனை வருஷமாக என் சம்பளத்தில் போன பணம் எனக்குத் தெரியும்.

அத்தை 2 நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது நாள் காலனியில் நிலமில்லாத 11 குடும்பத்தையும் அவரே கூப்பிட்டு மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார வைத்தார். இப்போது மனு 11 குடும்பத்தின் பெயரில் இருக்கிறது, எங்கள் பெயர் ஏழாவது. குடும்பம் தனியாகப் போனபோது "உன் வீட்டுத் தகராறு" என்றவர்கள், 11 குடும்பமாகப் போனபோது நாற்காலி போட்டார்கள். இதை 2013-லேயே செய்திருக்க வேண்டும். மனுவில் அத்தை ஊதா மையில் கைநாட்டு வைத்தார். வைப்பதற்கு முன் என்னை முழுவதும் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டு, அதற்குப் பிறகுதான் விரலை நீட்டினார்.

அடுத்த வாய்தா வரும் மாதம். 5 செட் பைண்டு போட்டு வைத்திருக்கிறேன். பழைய 'அ' பதிவேட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் 5 செட்டிலும் கலரில் எடுத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் சிவப்பு மை தெரிவதில்லை.